கழற்றிப் பூட்டும் லொறி

கையிலுள்ள கருவியை அழுத்தினால் தூரத்தே ஓடும் மின் லொறியொன்றைப் பிள்ளை கேட்கின்றான். எதனை வாங்குவது என்று கிளிநொச்சியிற் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. விலையையும் வேகத்தையும் பின்னர் பாருங்கள்; பழுதானால் கழற்றிப் பூட்டக்கூடியதா என்பதை முதலிற் பாருங்கள் என்பதே நமது விடை.

இக்கலை புதியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா தெஸ்லா, வானொலி அலைகளால் இயங்கும் சிறு படகொன்றை நியூயோர்க்கில் மக்கள் காண ஓட்டினார். 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம், வீட்டிலிருந்தே பூட்டிக்கொள்ளத்தக்க மின் காரொன்றை உறுப்புகளாக விற்றது. 1987இல் அந்நிறுவனமே இரண்டு மோட்டார்களும் பெருஞ்சில்லுகளும் கொண்ட ‘குளொட் பஸ்டர்’ லொறியை வெளியிட்டது.

சாதாரண பொம்மை லொறிகள் பலவற்றில் உறுப்பொன்று கெட்டால் முழுவதும் குப்பைக்கே போகும். பொழுதுபோக்காளர் லொறி அத்தகையதன்று. மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்சில்லுகளைத் திருப்பும் சேர்வோ, அலைவாங்கி, மின்கலம் என யாவும் தனித்தனியே நிற்கும். கெட்டதை மட்டும் மாற்றலாம். விசையை அழுத்தும் அளவுக்கேற்ப வேகமும் கூடிக் குறையும்.

தொடங்குவோர்க்கு, உண்மை லொறியிற் பத்திலொரு பங்கு அளவுடைய, காபன் தூரிகை மோட்டார் பூட்டியதொன்று போதும். நமது கிரவல் வீதிகளுக்குப் பெரிய சில்லு ஏற்றது. ஓட்டியபின் பற்சில்லுகளிற் படியும் செம்புழுதியைச் சிறு தூரிகையால் தட்டிவிடுதல் வேண்டும். ஆறு கலங்கொண்ட 7.2 வோல்ற் நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலம் புதியவர் கைக்கு உகந்தது. லிதியம் பொலிமர் மின்கலம் வலியது. எனினும் அவதானம் வேண்டுவது. அதன் கலமொன்று 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறலாகாது. 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. அதற்குரிய மின்னேற்றியிலன்றி ஏற்றவுங் கூடாது. ஏற்றும்போது ஆளின்றி விடவுங் கூடாது. வீங்கியதைத் தொடர்ந்து பயன்படுத்தலாகாது.

இடந்தேர்வதிலும் கவனம் வேண்டும். வாகனம் ஓடும் வீதி வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணியின் அருகிலும் வேண்டாம். லொறி உள்ளே போனால் பிள்ளையும் பின்னே ஓடுவான் அன்றோ?

வன்னிக்கு மின்கலங் கொண்டுவரத் தடையிருந்த 1990களை நம் வயதினர் மறந்திலர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. பழுதென்று எப்பொருளையும் எறிந்துவிட எவர்க்கும் மனம் வந்ததில்லை. அக்காலம் மீண்டும் வரவேண்டாம். ஆயின் அக்காலத்துக் கைத்திறன் நம்மோடு அற்றுப்போகவும் வேண்டாம். இல்லாமை நமக்குக் கற்பித்ததை நம் பிள்ளைகள் விளையாடிக் கற்கட்டுமே!

ஆகவே லொறியோடு நல்ல ஸ்குறூ ட்றைவர் ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள். அச்சு முறிந்த நாளிற் பிள்ளையைக் கடியாதீர்கள். மேசையில் ஒரு துணியை விரித்து, கழற்றிய ஆணிகளை வரிசையாக வைக்கச் சொல்லி, அருகில் அமர்ந்திருங்கள்.