நிறுத்தத் தெரிந்த கை

என் பட்டறையின் பின்கட்டில் மூன்று சக்கர ஹோண்டா ஒன்று நிற்கிறது. 1970களில் வந்த ஏ.டி.சி. 90. காட்டிலும் மணலிலும் பனியிலும் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்னும் ஏண்ணே சாயம் அடிக்காம வச்சிருக்கீங்க?" என்றுதான். வண்டி நன்றாக ஓடுகிறது. கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பிவிடும். ஆனால் டேங்கின் சிவப்பு வெளுத்திருக்கிறது. மட்கார்டில் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறேன்.

நான் வட மலேசியாவில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் அப்பாவின் ஹோண்டா சி70 நிற்கும். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வடக்கே அந்த வண்டிக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. ரப்பர்ப் பால் வாளி ஏற்றவும், சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகவும், கோயில் திருவிழாவுக்குக் குடும்பமே ஏறிப் போகவும் கப்சாய் என்று இங்கே அழைக்கும் அந்த வண்டிதான். நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகியதும் அதில்தான்.

பழைய இரும்புக் கடைக் கொட்டகையில் இந்த மூன்று சக்கர வண்டி கிடைத்தபோது, முதலில் எஞ்சினைத்தான் குனிந்து பார்த்தேன். படுத்த நிலையில் ஒற்றைச் சிலிண்டர், கையால் பிடிக்க வேண்டாத தானியங்கி கிளட்ச், பிளாட்டினம் பாயின்ட். நம் கப்சாய்க் குடும்பத்து எஞ்சினேதான், 89 சிசி. வால்வு இடைவெளிகூட சி70-க்கு வைக்கிற அதே 0.05 மில்லிமீட்டர். எங்கோ அமெரிக்கப் பனிக்காகச் செய்த வண்டிக்குள் எங்கள் லயத்து வண்டியின் நெஞ்சு துடித்ததைக் கண்ட அன்றே அது எனக்குச் சொந்தமாகிவிட்டது.

அமெரிக்காவில் பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களில் விற்க ஏதாவது வேண்டும் என்று அங்குள்ள முகவர்கள் கேட்டதால், ஒசாமு தாகெயூச்சி என்ற ஹோண்டா பொறியாளர் இந்த மூன்று சக்கர வண்டியை வடிவமைத்தார். 1970-இல் முதலில் யூ.எஸ். 90 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. 22 அங்குல பலூன் டயர்கள்தான் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அவற்றில் காற்று 2 பிஎஸ்ஐ அளவுக்குத்தான். சி70 டயருக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். முதலில் வந்த டயர்களை அறுவடைக்குப் பின் நிற்கும் தட்டைகள் குத்திக் கிழித்ததால், 1975-இல் இரும்பு ஹப் வைத்தார்கள். என் வண்டி அதற்குப் பிறகு வந்தது.

மராமத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது கார்புரேட்டரில். பைலட் ஜெட்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான் இருக்கும். பல வருடப் பெட்ரோல் அதில் பிசினாக இறுகிக் கிடந்தது. அவசரத்துக்குக் கம்பி விட்டுக் குத்தலாம். ஆனால் பித்தளை மென்மையானது, துளை அகன்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் கணக்கு தப்பிவிடும். கரைப்பானில் ஊறவைத்து, நைலான் நூலை விட்டு விட்டு எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது துளைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி வெள்ளையாகத் தெரிந்தது. டேங்கைக் காடியில் ஊறப்போட்டுத் துரு எடுத்தேன். பாயின்டை மெல்லிய அரத்தால் தேய்த்து 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தேன்.

ஓடத் தொடங்கியதும் ஆசை வந்தது. புதுச் சாயம், புதுக் குரோமியம், பளபளவென்று ஒரு வண்டி. அந்த ஆசை எனக்குப் பலமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரு பக்கமும் சாயம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. முகம் தெரியாத யாரோ முழங்காலை அணைத்து அணைத்து ஓட்டிய இடம். உப்புத்தாள் போட்டால் பத்து நிமிடத்தில் அந்த மனிதர் போய்விடுவார்.

அப்போது அப்பாவின் உளி நினைவுக்கு வந்தது. ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கும். பால் வேண்டுமென்றால் ஆழமாக வெட்டியாக வேண்டும். ஆனால் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நின்றுவிட வேண்டும். பட்டால் காயம், காயத்தில் முண்டு விழும், மறுபடி வளரும் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. அப்பா இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நிரை நிரையாக அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியவர். "வெட்ட யாரும் பழகிடலாம்டா, நிறுத்தத்தான் பழகணும்" என்பார். பட்டறைத் தொழிலில் எனக்கு வேறு குரு கிடையாது.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உயிரோடு சம்பந்தப்பட்டதைப் புதிதாகப் போடுவேன்: பிரேக் கேபிள், டயர், பெட்ரோல் குழாய், பேரிங். ஓட்டத்தைத் தடுப்பதைச் சரிசெய்வேன். பார்வைக்கு மட்டும் உள்ளதைத் தொடமாட்டேன்.

இந்த வண்டிக்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. பின் அச்சு ஒரே தண்டு. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்த்துக் கொடுக்காவிட்டால் திரும்பாது, அல்லது கவிழும். பழக்கத்தில் காலை ஊன்றினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறும். அமெரிக்காவில் பிள்ளைகள் உட்படப் பலர் செத்தார்கள். 1988-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கம்பெனிகள் மூன்று சக்கர வண்டி விற்பதையே விட்டன. நாலாவது சக்கரம் வைத்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறுத்துவிட்டேன். அந்த வண்டி ஏன் நின்றுபோனது என்பதும் அதன் உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் ஏற விடுவதில்லை.

இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக் காட்டுக்குள் குலை ஏற்றவும் மூன்று சக்கர வண்டி உண்டு. மலாய்ப் பழங்கதைப் பலசாலியின் பெயரால் அதைப் படாங் என்கிறோம். ஹோண்டாவின் மூன்று சக்கர வண்டியைச் சேர்க்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. படாங்கைச் சேர்ப்பவரை நான் இன்னும் பார்த்ததில்லை. ஓய்ந்ததும் நிறுவைக்குத்தான் போகிறது. அடுத்து நான் தேடுவது அதைத்தான். உங்கள் தோட்டத்தில் ஒன்று கழித்துப் போடப்பட்டால் இரும்புக்காரருக்கு முன் எனக்குச் சொல்லுங்கள். தோட்டத்தின் எந்தப் பகுதியில் ஓடியது, யார் ஓட்டினார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தயவுசெய்து கழுவ மட்டும் செய்யுங்கள், சாயம் அடித்துவிடாதீர்கள்.