கொடுக்கும் வாயும் கொள்ளும் வாயும்

கொடுத்துக்கொண்டே இருக்கும் எதுவும் எங்கேனும் பெற்றாக வேண்டும். இப்பேருண்மையைச் சிறு கருவி ஒன்றிடம் யாம் கற்றோம்.

2015 திசம்பரில் அடையாறு கரைமீறிக் கோட்டூர்புரத்து இல்லங்களுள் புகுந்த காட்சி நெஞ்சைவிட்டு அகலாதது. அதன்பின் எம் இல்லத்தில் நீர்மட்டம் அறிவிக்கும் அமைப்பொன்றை நிறுவினோம். அர்டுயினோ என்னும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை நீரின் உயரத்தை அளக்கும். கம்பியால் இணைந்த டேப்லெட் அதனைக் காட்டி எச்சரிக்கும். ஆயின், மழை வலுத்த நள்ளிரவில், விழித்திருக்க வேண்டிய டேப்லெட் மின்னிழந்து அணைந்தது.

காரணம் யாது? மைக்ரோ யுஎஸ்பி வாயில் ஐந்து முனைகள் உள்ளன. அவற்றுள் நான்காவது, தரைமுனையோடு இணையுமாயின், டேப்லெட் தலைமை ஏற்கிறது. பலகைக்கு 5 வோல்ட் மின்சாரமும் வழங்குகிறது. வழங்கும் அவ்வாயாலேயே அது மின்னேற்றம் கொள்வதில்லை.

ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி, அவ்விரு முனைகளிடையே 124 கிலோஓம் மின்தடை அமைத்து, வெளி மின்சாரத்தையும் இணைத்தோம். இக்குறிப்பை உணரும் டேப்லெட் தலைமையை விடாமலே மின்னேற்றமும் பெறும். எல்லா டேப்லெட்டும் உணர்வதில்லை, எம்முடையது உணர்ந்தது. 2014இல் வெளிவந்த டைப்-சி முறையோ, தலைமை யாருக்கு, மின்சாரம் தருபவர் யார் என்னும் இரண்டையும் தனித்தனியே முடிவுசெய்ய இடமளிக்கிறது.

இல்லத்தைக் காக்கும் தாயும் வகுப்பைத் தாங்கும் ஆசிரியரும் ஓயாது வழங்குபவர்கள். அவர்கள் பெறுவதற்கும் ஒரு வழி அமைத்தல் பயன்கொள்வோர் கடனன்றோ?