பச்சை உடம்பும் பத்தியச் சாப்பாடும்

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் தாய் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பேன். பாரத்தை ஒரு பக்கமே போட்டுச் சாய்ந்திருந்தால் விஷயம் விளங்கிவிடும். கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்ஸி" என்பாள். "வெளிக்குப் போறப்போ எப்பிடி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால்தான் கண் கலங்கும்.

இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான். பிள்ளை பிறந்த முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையாவது என்னைப் போன்ற மருத்துவமாது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தையலைப் பற்றிப் பேசுகிறவள்கூட ஆசனவாய் வலியைப் பற்றிப் பேச மாட்டாள். மாமியார் பக்கத்திலேயே நிற்பார், வெட்கம்.

வயிறு பெருக்கப் பெருக்க அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் வீங்குகின்றன. கர்ப்பகால ஹார்மோன் குடலையும் மந்தமாக்கிவிடும். முக்கிப் பெறும்போது வீங்கியது வெளியே தள்ளினால் அது மூலம். இறுகிய மலம் தோலைக் கிழித்தால் வெடிப்பு. "கண்ணாடி குத்துற மாதிரி" என்று ஒரு பெண் சொன்னதைவிட நன்றாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்குப் பயந்து அடக்குவாள், அடக்க அடக்க மலம் காயும், அடுத்த தடவை இன்னும் கிழியும்.

மருந்தைவிட அடுப்படியில்தான் எனக்கு வேலை அதிகம். கோதுமை மா ரொட்டி, பூண்டு, காயம், சாயத்தண்ணி என்று பத்தியம் ஓடும். கீரை குளிர்ச்சி, பழம் சளி, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்பார்கள். பத்தியம் மூடநம்பிக்கை என்று சொன்னால் அந்த வீட்டில் என் பேச்சு அன்றோடு முடிந்தது. அதனால் அதற்குள்ளேயே வழி தேடுவேன். "பச்சத்தண்ணி வேணாம்மா, கொதிக்க வச்சு ஆறுன தண்ணியாக் குடுங்க. பால் ஊறணுமே." முருங்கைக் கீரைக்குத் தடை இராது. பப்பாளிக்கு முகம் சுளித்தால், "மாசமா இருக்கையில சூடுன்னுதானே வேணாம்னீங்க? இப்ப சூடு நல்லதுதானே" என்பேன். மாமியார் சிரித்துவிட்டால் பழம் வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், சிலருக்கு இறுகவும் செய்யும். அதற்காக நிறுத்தக் கூடாது. சாயத்தண்ணியோடு மட்டும் விழுங்க வேண்டாம். இறுக்கம் விடாவிட்டால் வைத்தியர் லக்டுலோஸ் பாணி எழுதுவார், பால் கொடுக்கிறவளும் குடிக்கலாம்.

வலி குறைய, முதல் நாளில் குளிர்ந்த துணி ஒத்தடம். பிறகு அகலமான பேசினில், முழங்கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்கார வேண்டும். வெளிக்குப் போய் வந்தவுடன் உட்கார்ந்தால் இன்னும் சுகம். டெட்டோல் ஊற்றாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். ஊற்றினால்தான் சுத்தம் என்று நம்பிக்கை, எரிகிறதே என்றால் "எரிஞ்சாத்தான் ஆறும்" என்பார்கள்! பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். பாலை ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். முக்கும்போது தையல் பிரிந்துவிடும் என்று பயப்படுகிறவளிடம், சுத்தமான துணியை மடித்துத் தையல்மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்வேன். அந்தப் பயம் போனாலே பாதி இறுக்கம் தளரும்.

காய்ச்சல், சீழ், நிற்காத இரத்தம், நீலம் பாரித்த கட்டியோடு தாங்க முடியாத வலி என்றால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத்தான். காற்றோ மலமோ தன்னையறியாமல் போகிறது என்றாலும் அப்படியே, உள்தசை கிழிந்திருக்கலாம். அதை வெட்கத்தில் மறைத்து வருடக்கணக்கில் கொழுந்து பறிக்கிறவர்கள் உண்டு.

லயத்துக் கக்கூஸ் பல இடங்களில் சரிவுக்குக் கீழே, மூன்று நான்கு வீட்டுக்குப் பொது. மழை இரவில் பச்சை உடம்புக்காரி இறங்க மாட்டாள், அடக்கிக்கொள்வாள். காலையில் வயிற்றுக்கு ஏதாவது போன பிறகு குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத் தவறவிடாமல், அவசரமில்லாமல் போய்வரச் சொல்வேன். அந்தக் கால்மணி நேரம் பிள்ளையைத் தூக்குவது மாமியாரா, புருஷனா என்பதை அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த லயத்துக்கு ஏறுவேன்.