பூந்தோட்டமும் பருவ வேலையும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டு உழவர்களின் பழமொழி. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் அப்படிப்பட்ட பட்டம் எதுவும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். இங்கு வீட்டு முற்றத்துப் பூச்செடிகள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கின்றன. ஆனால், பச்சையாக நிற்பதால் மட்டும் ஒரு செடி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பனிக்காலம் உள்ள நாடுகளில் செடிகளுக்கு இயற்கையே ஓய்வு தருகிறது. இங்கோ, வளர்ப்பவர்தாம் அந்த ஓய்வைத் தர வேண்டும்.

கெடா, பெர்லிஸ் போன்ற வடமாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். செம்பருத்திக்குக் காலையும் மாலையும் நீர் வேண்டும். அதன் வேரடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் விரைவில் வற்றாது. காகிதப்பூச் செடியோ இதற்கு நேர்மாறானது. நீர் குறையும்போதுதான் அது நிறைய பூக்கும். அதன் வண்ண இதழ்கள் போல் தெரிபவை உண்மையில் நிறம் மாறிய இலைகளே. அவற்றின் நடுவில் இருக்கும் சிறிய வெண்ணிறக் குழலே பூவாகும். பூத்து முடிந்ததும் நீண்ட கிளைகளை வெட்டிவிட்டால், அடுத்த முறை புதுக்கிளைகளில் பூக்கள் நிறையும்.

மழைக்காலம் தொடங்கும்போது இடம் மாற்றி நடும் வேலை வருகிறது. மேகமூட்டமான நாளில் நட்ட செடி எளிதில் வாடாது. ஆனால், அடைமழையில் நடுவது நல்லதன்று. மண் இறுகி வேர் அழுகிவிடும். பழைய சாடியிலிருந்து செடியை எடுத்து, சுருண்டு கிடக்கும் வேர்களை மெல்லப் பிரித்து, மக்கிய உரம் கலந்த புது மண்ணில் நட வேண்டும். சாடிகளின் அடித்தட்டுகளில் தேங்கும் நீரையும் உடனுக்குடன் கொட்ட வேண்டும். இல்லையெனில், அழகுக்காக வைத்த தோட்டமே ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும்.

பண்டிகைக்குப் பூ வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். செண்டுமல்லி விதைத்துப் பூக்க ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகும். எனவே, தைப்பொங்கலுக்குப் பூப்பறிக்க விரும்புவோர் நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்கின்றனர். அப்போது மழை மிகுதியாதலால் நாற்றுகளைக் கூரையின் கீழ் வளர்க்கின்றனர். பூத்து முடிந்த செடியைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பூக்களிலிருந்து விதையைச் சேர்த்து அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கின்றனர்.

தோட்ட வேலைகளில் மனத்துக்கு மிகக் கடினமானது கவாத்து செய்வதுதான். செழித்து நிற்கும் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டும்போது வீட்டிலுள்ள பிள்ளைகள் பதறுவார்கள். மறைந்துபோன பாட்டி நட்ட செடி என்றால் பெரியவர்களின் கையும் தயங்கும். ஆயினும், புதுத் தளிர்களில்தான் மல்லிகை மொட்டு விடும். வெட்டாமல் விட்டால் அடித்தண்டு முற்றிப் பூ குறைந்துகொண்டே போகும்.

எவ்வளவு பேணினாலும் ஒரு செடிக்கு முதுமை வரவே செய்யும். அதற்குள் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பக்கத்துச் சாடியின் மண்ணில் பதியன் போடுவார்கள். சில மாதங்களில் அதில் வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிப்பார்கள். பதியனில் முளைப்பது வேறொரு செடியன்று, அதே மல்லிகைதான். ஆகவே, பழைய செடி பட்டுப்போனாலும் பாட்டி பறித்த அதே பூவைப் பேத்தியும் பறிக்கலாம். அதற்கு வேண்டியது, செடி நன்றாக இருக்கும்போதே அடுத்த நடவை நினைக்கும் மனம்தான்.