நூலை இழுக்காதீங்க

பக்கத்து வீட்டு அக்காவோட நாய் மணி, தையல் ஊசியை நூலோட முழுங்கிடுச்சு.
எச்சில் ஒழுகிட்டே நிக்குது பாவம்.
"உப்புத் தண்ணி ஊத்து, வாந்தியில வந்துரும்"னு தெருவே சொல்லுது.

தயவுசெஞ்சு ஊத்தாதீங்க!
உள்ள போன ஊசி திரும்ப ஏறும்போது உணவுக்குழாயைக் கிழிச்சிடும். உப்பு அதிகமானா அதுவே விஷம்.
வாயில நூல் தொங்கினாலும் இழுக்கக் கூடாது.
சோறும் வேணாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

நேரா டாக்டர்கிட்ட போங்க.
ஊசின்னா எக்ஸ்ரேயில தெரிஞ்சிடும். மரக்குச்சி, பிளாஸ்டிக் பல நேரம் தெரியாது. என்ன முழுங்குச்சுன்னு மறக்காம சொல்லுங்க.
இரைப்பையில இருக்கும்போதே போனா எண்டோஸ்கோப்பியில எடுக்க வாய்ப்பிருக்கு. குடலுக்கு இறங்கிட்டா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

இப்பதான் ஆட்டோ ஏத்தி அனுப்பினோம். மனசு அடிச்சுக்குது.

ராத்திரியில திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை உங்க ஊர்ல எங்க இருக்கு, தெரியுமா?