கழுதை ஏர் பூட்டி உழுத கதை

ஓட்டப்பிடாரத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் பாஞ்சாலங்குறிச்சி. 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்து இறங்கும் பையன்களில் ஒருவனாவது சிவாஜி கணேசன் குரலில் வசனம் பேசாமல் திரும்பிப் போவதில்லை. அதே வட்டாரத்தில் பழைய கல்லறைகள் சிலவும் உண்டு. 1799-லும் 1801-லும் நடந்த சண்டைகளில் செத்துப்போன கம்பெனிப் படை அதிகாரிகளுடையவை. அந்தப் பக்கம் யாரும் அதிகமாகப் போவதில்லை.

வீரம், போர் அறம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறோமே, அது உண்மையிலேயே இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஐரோப்பாவில் இதற்கு 'ஷிவல்ரி' என்று பெயர். குதிரைமேல் வரும் கவச வீரன் பெண்களைக் காப்பான், நிராயுதபாணியைத் தாக்கமாட்டான், கொடுத்த வாக்கை மீறமாட்டான். கதையில் இப்படித்தான். ஆனால் 1099-ல் ஜெருசலேமுக்குள் நுழைந்த சிலுவைப் போர் வீரர்கள் அந்த ஊர் மக்களைக் கொன்று குவித்தார்கள். ஹாலந்து நாட்டு வரலாற்றாசிரியர் ஹெய்சிங்கா 1919-ல் எழுதிய புத்தகத்தில், இடைக்கால வீரர்களின் இந்த லட்சியத்துக்கும் அவர்கள் நிஜத்தில் நடந்துகொண்ட விதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று விரிவாகப் பேசியிருக்கிறார்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் என்ற புலவர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 9-ஆம் பாட்டு. போர் தொடங்கும் முன் அந்த அரசன் அறிவிப்புக் கொடுப்பானாம். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று. தமிழர் போர் அறம் பற்றி யார் பேசினாலும் இந்தப் பாட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுக்கட்டும், நல்ல பாட்டு.

ஆனால் ஆறு பாட்டு தள்ளி 15-ஆம் பாட்டையும் படிக்க வேண்டும். அதே நெட்டிமையார், அதே பெருவழுதி. பகைவனுடைய ஊர்த் தெருக்களில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது பாழாக்கினாய், விளைந்த வயலில் தேரை ஓட்டினாய், அவர்கள் காத்து வைத்திருந்த குளத்தில் யானையைக் குளிப்பாட்டினாய் என்று புகழ்கிறார். திட்டவில்லை, புகழ்கிறார்! குடிக்கிற தண்ணீரும் விளைகிற நிலமும் போனால் அந்த ஊரில் என்ன மிஞ்சும்? அறிவிப்பைக் கேட்டு ஓடிப்போன நோயாளியும் பெண்களும் திரும்பி வந்தது எந்த ஊருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் வரலாற்றாசிரியர். 9-ஆம் பாட்டை மட்டும் காட்டினால் பெருமை. 15-ஐ மட்டும் காட்டினால் வசை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க ஆள் வேண்டும்.

அப்படி வைத்தவர்களில் முக்கியமானவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1892-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். அப்போது ஓட்டப்பிடாரமும் கல்லிடைக்குறிச்சியும் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் சில வருடம் பாடம் நடத்தினார். 1929-ல் பாண்டியர் வரலாறு, 1935-லும் 1937-லும் சோழர் வரலாறு இரண்டு பாகம். சோழர் ஆட்சியின் பெருமையை ஆங்கிலம் படித்த உலகத்துக்குச் சொன்ன புத்தகம் அது. தமிழை விட வடமொழிக்கு அதிக இடம் கொடுத்தார் என்று அவர்மேல் விமர்சனம் உண்டு. அது இருக்கட்டும். சோழர் படை எதிரி நாட்டில் என்ன செய்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாளுக்கிய அரசன் சத்தியாசிரயன் காலத்தது. 9 லட்சம் பேர் கொண்ட சோழர் படை வந்து நாட்டைக் கொள்ளையடித்தது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்று சொல்கிறது. சாஸ்திரி இதைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். எதிரி எழுதிய கல்வெட்டு, 9 லட்சம் என்பது மிகை, கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் எதிரி சொல்லாததும் இருக்கிறது. முதலாம் ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி, மணிமங்கலம் கல்வெட்டில் இருப்பது. ஈழத்துப் போரில் ஓர் அரசனின் தமக்கையையும் மனைவியையும் பிடித்ததையும், அவன் தாயின் மூக்கை அறுத்ததையும் சாதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியிலும் இதே போல ஒரு பெண்ணின் மூக்கு அறுபடுகிறது. எழுதியது சோழர் அரண்மனை. இதை மிகை என்று தள்ள முடியுமா?

பி.காம். படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆடிட்டிங் பாடத்தில் சான்றுகளை எப்படி எடை போடுவது என்று வருமே. கம்பெனி தன் லாபத்தைப் பற்றித் தானே சொன்னால் சந்தேகப்படு. தன் கடனைத் தானே ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் நம்பலாம். லாபத்தை வெளி ஆள் உறுதி செய்தால் இன்னும் நல்லது. வரலாற்றுக்கும் அதே விதிதான். நம்மவர் தங்களைப் பற்றிச் சொன்ன கெட்டதும், எதிரி நம்மவரைப் பற்றிச் சொன்ன நல்லதும் கனமான சான்றுகள்.

சோழர் செய்தது அவர்களுக்கே திரும்பியும் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். மெய்க்கீர்த்தியில் மறுபடியும் கழுதை ஏர் வருகிறது! உழுது கவடி விதைத்தானாம். பெருவழுதிக்கும் இவனுக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் போயிருக்கிறது, பழக்கம் போகவில்லை. ஆனாலும் திருவெள்ளறையில் ஒரு பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோழ நாட்டில் எல்லா மண்டபங்களையும் இடித்தவன், பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடாமல் விட்டானாம். தோற்ற சோழனுக்கு நாட்டைத் திருப்பியும் கொடுத்தான். கொடுமையும் தாராளமும் ஒரே ஆளிடம், ஒரே படையெடுப்பில்.

இனி பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்பலாம்.

1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். (73 வருடம் கழித்து அதே செப்டம்பர் 5-ல் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார்.) தப்பிப் போன கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16-ல் கயத்தாறில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து அவர்கள் கண்முன் தூக்கிலிட்டார்கள். சாகும்போது அவர் கலங்கவில்லை, எதிரே நின்ற பாளையக்காரர்களை அலட்சியமாகப் பார்த்தார் என்று மேலிடத்துக்கு எழுதியவர் யார் தெரியுமா? தூக்கிலிட்ட பானர்மனே. ம.பொ.சி. புத்தகமும் 1959-ல் வந்த சினிமாவும் சொன்ன வீரத்துக்கு இதுதான் முதல் தரச் சான்று.

மறுபக்கமும் உண்டு. பக்கத்துப் பாளையங்களோடு எல்லைத் தகராறு, கிராமங்களில் புகுந்து கொள்ளையடித்ததாகப் புகார்கள். இவற்றைப் பிடித்துக்கொண்டு தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரன் என்றே புத்தகம் எழுதினார். அந்தப் புகார்களில் பெரும்பாலானவை கம்பெனி ஆவணங்களிலிருந்தும், அவருக்கு ஆகாதவர்களிடமிருந்தும் வந்தவை. அதே விதிப்படி, கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். இடித்துப் போட்ட கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்தது. தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே பிடிபட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவரை, அவர் மனைவி வந்து கெஞ்சியதும் விட்டுவிட்டார்கள். இதையும் எழுதி வைத்தது வெள்ளைக்காரர்தான். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்டவர். 1830-ல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது.

மே 24-ல் கோட்டை விழுந்தது. பிணக்குவியலில் தன் மகனைத் தேடி ஒரு தாய் சில பெண்களோடு வந்தாள். மகனுக்கு உயிர் இருந்தது. அவன், என்னை விடு, பக்கத்தில் சாமி அடிபட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போன பையன் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து திரும்பி ஓடினார்கள்.

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. பெற்ற மகனைக் களத்தில் விட்டுவிட்டு இன்னொருவரைத் தூக்கிப் போவது எப்படிப்பட்ட முடிவு! போர் அறம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் உதாரணம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஊமைத்துரையும் அதே வருடம் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பெருவழுதி செய்தது, சுந்தரபாண்டியன் செய்தது, கம்பெனியும் செய்தது. கழுதை மட்டும்தான் இல்லை.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம்.

1986-ல் தூத்துக்குடியைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் பிறந்தபோது அதற்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். பக்கத்தில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, இதே ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரிக்காரர். ஒரே கோட்டைக்காகச் சண்டை போட்டவர்கள்! அந்தப் பெயரை வைத்துத் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. 1801-ல் கம்பெனி ஒரு பெயரை அழித்தது. 1997-ல் நாமே சண்டை போட்டு எல்லாப் பெயரையும் அழித்துக்கொண்டோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிய துயரம். 2009-ல் வன்னியில் போர் நடந்தபோது இலங்கை அரசு பாதுகாப்பு வலயம் அறிவித்தது. மக்கள் அங்கே போனார்கள். அந்த வலயத்தின் மேலேயே அரசுப் படை ஷெல் அடித்ததாகவும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததாகவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது. 2023 அக்டோபரில் வடக்கு காஸாவில் இருந்த 11 லட்சம் பேரைத் தெற்கே போகச் சொன்னது இஸ்ரேல். பிறகு தெற்கிலும் குண்டு விழுந்தது. நெட்டிமையாரின் 9-ஆம் பாட்டும் 15-ஆம் பாட்டும் இன்றும் ஒன்றாகவே நடக்கின்றன. அறிவிப்பு கொடுத்தோம் என்பதோடு அறம் முடிந்துவிடாது. போனவர்களுக்கு அங்கே தண்ணீர் இருந்ததா, திரும்பி வர ஊர் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

இன்று எல்லாருடைய செல்போனிலும் வரலாறு வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் அரசன், எங்கள் சாதி, எங்கள் வீரம். படிக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை எழுதியவர் தன் பக்கத்துத் தவறு ஒன்றையாவது எழுதியிருக்கிறாரா? எதிரியின் நல்லது ஒன்றையாவது எழுதியிருக்கிறாரா? இரண்டும் இல்லை என்றால் அது வரவு மட்டும் எழுதிய கணக்கு. ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

அடுத்த முறை பாஞ்சாலங்குறிச்சி போனால் கோட்டையைப் பார்த்த கையோடு அந்தக் கல்லறைகள் பக்கமும் போய் வாருங்கள். அங்கே படுத்திருப்பவர்களுடைய ஆட்கள் எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயர் தெரியாத தாயின் கதை புத்தகத்தில் ஏறியது.