ஒரு டின் மீனும் ஐந்து பங்கும்

சமையல் என்றதும் பல சட்டிகளும் பல கறிகளும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரே சட்டியில், அரைமணி நேரத்திற்குள், ஐந்து பேரின் இரவுப் பசியை ஆற்றும் உணவும் உண்டு. அதுவே எங்கள் வீட்டு டின் மீன் மக்கரோனி. சகோதரிகள் நாங்கள் மூவரும் அதைச் சமைக்கும் விதத்தையும் அதனால் அடைந்த பயனையும் இங்கு எழுத விழைகின்றோம்.

எங்கள் ஊர் நுவரெலியா. கடல் மீன் மலையேறி எங்களிடம் வரும்போது விலையும் கூடவே ஏறிவிடுகின்றது. ஆகவே எங்கள் வீட்டில் டின் மீனுக்கு என்றும் ஓர் இடமுண்டு. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. அம்மா மருத்துவமனையில் தாதி. 2022 ஆம் ஆண்டு எரிவாயு கிடைக்காமல் நாட்டு மக்கள் சிலிண்டர்களுடன் வரிசையில் காத்து நின்றபோது, அடுப்பை ஒருமுறை மட்டும் மூட்டிச் சமைக்க வேண்டும் என்று அம்மாவே இம்முறையைத் தொடங்கினார். இப்போது அவருக்கு மாலை வேலையுள்ள நாட்களில் அது எங்கள் பொறுப்பு.

மூத்தவள் வெங்காயம், வெள்ளைப்பூடு, பச்சை மிளகாய், தக்காளி ஆகியவற்றை அரிவாள். நடுவிலாள் அவற்றைக் கறிவேப்பிலையுடன் தாளித்து, மிளகாய்த்தூளும் சிறிது மஞ்சளும் இடுவாள். பின்பு 400 கிராம் மக்கரோனியைக் கொட்டி, அது மூழ்கி ஒரு விரலளவு மேலே நிற்கும்படி கொதிநீர் ஊற்றி மூடுவோம். இடையிடையே கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். மீனில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியிலேயே பார்த்துச் சேர்க்க வேண்டும். நீர் வற்றும் தறுவாயில் மீனை உதிர்த்துப் போட்டு, இறக்கியபின் தேசிக்காய் பிழிவோம். தட்டுகளை எண்ணி வைப்பது கடைக்குட்டியின் உத்தியோகம்!

இதில் விஞ்ஞானமும் உண்டு. மக்கரோனியிலிருந்து கரையும் மாப்பொருளே நீரைக் குழம்பாகத் தடிக்கச் செய்கின்றது. வடித்து ஊற்றினால் அது வீணாகிவிடும். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், பொதியில் எழுதியுள்ள நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக வேகவிட வேண்டும். டின்னை மூடியபின் நீராவி அழுத்தத்தில் 100 பாகைக்கு மேல் சூடாக்குவதால் மீனின் முள்ளும் மெத்தென்றாகிவிடும். அதில் கல்சியம் இருப்பதால் பாட்டிக்கு நல்லது. உப்பிய டின்னை மட்டும் ஒருபோதும் திறந்து சமைக்கக் கூடாது. அது நஞ்சாகலாம்.

இவை எல்லாவற்றிலும் மேலான பயன் ஒன்றுண்டு. 425 கிராம் டின்னில் நீரை வடித்தால் மீன் 280 கிராம் அளவே தேறும். அதைக் குழம்பாக வைத்தால் ஐந்தாறு துண்டுகள். பாட்டிக்கு ஒன்று, எங்களுக்கு மூன்று, மறுநாள் பாடசாலைச் சாப்பாட்டிற்கென மூடி வைத்தது மிச்சம். "எனக்குக் குழம்பே போதும்" என்பார் அம்மா. பகலெல்லாம் நோயாளரிடையே நின்று களைத்தவருக்குக் குழம்பு போதாது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் எவ்வளவு வற்புறுத்தினாலும் துண்டு எங்கள் தட்டுக்கே திரும்பி வரும்.

உதிர்த்த மீன் மக்கரோனியின் துளைகளுக்குள்ளும் புகுந்து கலந்துவிட்டால் யார் பிரித்தெடுப்பது? ஓர் இரவு அம்மா கரண்டியால் தம் தட்டைக் கிளறி, எங்களுக்குத் தருவதற்கென மீனைத் தேடினார். அகப்படவில்லை. "கெட்டிக்காரிகள்!" என்று சிரித்துவிட்டு முழுவதையும் உண்டார். அன்று எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது.

அன்புத் தோழியரே, தாய்மார் தம் பங்கை மறைத்து வைப்பதில் வல்லவர்கள். அதை அவர்கள் தட்டிலேயே சேர்க்கும் வழியை நாம் கற்றுக்கொள்வோம். ஒரு டின்னும் ஒரு சட்டியும் இருந்தால் இன்றிரவே தொடங்கலாம்.

பத்தாம் வகுப்பு மாணவி